மொறிஸ் மைனர் எவ்வளவு ஓடும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் மொறிஸ் மைனர் என்ற பழைய பிரித்தானியக் காரை வைத்திருப்பவன் பெற்றோல் செட்டில் ஐந்து நிமிடம் நின்றால் போதும், யாராவது வந்து பொனட்டில் கையை வைத்துவிட்டு ஏதாவது கேட்பார். பத்தில் எட்டுக் கேள்வி வேகத்தைப் பற்றித்தான் இருக்கும். என்னுடையது 1959ஆம் ஆண்டு மைனர் 1000, 948 சீ.சீ. நான் மெக்கானிக் இல்லை, காரோடு மல்லுக்கட்டிப் பழகியவன். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துப்போய் இதை எழுதி வைக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் வாயில் வந்தபடியே இருக்கின்றன.

அண்ணை, இது உச்சமா எவ்வளவு ஓடும்?

எந்த மைனர் என்பதைப் பொறுத்தது. 1952இல் வந்த 803 சீ.சீ. எஞ்சினுக்கு 30 குதிரைவலு. அது மணிக்கு 62 மைல், அதாவது 100 கிலோமீற்றர் அளவில் நின்றுவிடும். 1956இல் வந்த 948 சீ.சீ.க்கு 37 குதிரைவலு, 73 மைல் வரை போகும். 1962இலிருந்து 1098 சீ.சீ., 48 குதிரைவலு, 77 அல்லது 78 மைல். இவையெல்லாம் கார் புதிதாக இருந்தபோது சமதரையில் எடுத்த வேகங்கள்.

முன்கண்ணாடி நடுவில் பிரிந்து இரண்டு துண்டாக இருந்தால் கார் 1956க்கு முந்தியது. உள்ளே இருக்கும் எஞ்சினுக்கு அந்த அடையாளம் செல்லாது. எங்கள் ஊரில் எஞ்சின் மாறாத மைனரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

60 மைல் வரைக்கும் நல்லா ஏறுது, அதுக்குப் பிறகு செத்துப்போகுது. எஞ்சின் தேஞ்சு போச்சோ?

தேய்ந்திருக்கலாம், கொம்பிரஷன், அதாவது சிலிண்டருக்குள் பிஸ்ரன் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் நேற்றுப் பிரித்துப் பூட்டிய எஞ்சினும் இதையேதான் செய்யும். மேலே சொன்ன எண்களையே பாருங்கள். 30 குதிரைவலு 48 ஆனது, அறுபது வீதம் கூட. வேகமோ 62இலிருந்து 78, கால்பங்குதான் கூட. மிச்ச வலுவைக் காற்று தின்றுவிட்டது.

வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும். அந்தத் தடையைத் தள்ளிக்கொண்டு போகத் தேவைப்படும் வலு எட்டு மடங்காகும். அதே காலத்து வொக்ஸ்வாகன் பீட்டிலுக்கு இழுவைக் குணகம், அதாவது காரின் வடிவம் காற்றில் எவ்வளவு மறிபடும் என்பதைச் சொல்லும் எண், 0.48, முகப்புப் பரப்பு ஏறக்குறைய 1.8 சதுர மீற்றர். இவற்றை வைத்து நான் ஒருநாள் கொப்பியில் கணக்குப் போட்டேன். 80 கிலோமீற்றர் வேகத்தில் காற்றுக்கு 8 குதிரைவலு, ரயர் உருளுவதற்கு மூன்றரை. 110இல் காற்றுக்கு 20, ரயருக்கு 5. 140இல் காற்றுக்கு மட்டும் 41. பீட்டிலின் 30 குதிரைவலு எஞ்சின் ஏன் 110இல் களைத்துப்போகிறது என்பது அந்தக் கொப்பியிலேயே தெரிந்துவிட்டது. கியர்பொக்ஸும் டிபரன்சலும் கொஞ்சம் தின்னும், கணக்கு சரியாய்ப் போய்விடும்.

மைனரும் அதே கூன்முதுகுச் சாதிதான், பக்கத்துக்கு ஒன்றாக உருண்டை மட்கார்ட் வேறு. இதில் ஒரு வேடிக்கை. வடிவமைத்த இசிகோனிசுக்குக் கடைசி நேரத்தில் கார் ஒடுக்கமாகத் தெரிந்தது. மாதிரிக் காரை நீளவாக்கில் இரண்டாக வெட்டி, நடுவில் நான்கு அங்குலம் விலக்கி வைத்துப் பார்த்து, அதுதான் சரி என்று முடிவெடுத்தார். பொனட்டின் நடுவில் கையைத் தடவினால் ஒரு தட்டையான பட்டி படும், அதுதான் அந்த நான்கு அங்குலம். பம்பர்கள் ஏற்கெனவே செய்து முடிந்திருந்ததால் முதலில் வந்த கார்களில் பம்பரையும் வெட்டி நடுவில் துண்டு வைத்தார்கள். 61 அங்குல அகலத்தில் நான்கு அங்குலம் என்றால் காற்றில் படும் முகம் ஆறேழு வீதம் கூடியிருக்கும். காருக்குள் மூன்று பேர் பின்னால் இருக்க இடம் கிடைத்தது, அதற்கு ஒரு மைல் இரண்டு மைல் போனது. நல்ல வியாபாரம் என்றே சொல்வேன்.

70இல எஞ்சின் கத்துது. அஞ்சாவது கியர் ஒண்டு இருந்தா இன்னும் ஓடும்தானே?

ஓடாது. இதை நம்ப வைப்பதுதான் எனக்குப் பெரிய பாடு.

948 மைனரின் டிபரன்சல் விகிதம் 4.55, அதாவது பின்சில்லு ஒருமுறை சுற்ற கியர்பொக்ஸிலிருந்து வரும் தண்டு 4.55 முறை சுற்றவேண்டும். நாலாவது கியரில் எஞ்சின் நிமிடத்துக்கு 1000 சுற்றுச் சுற்றினால் கார் 15 மைல் வேகத்தில் போகும். 73 மைலில் சுற்று 4800ஐ நெருங்கும். அந்த எஞ்சின் தன் முழு 37 குதிரைவலுவையும் தருவது ஏறக்குறைய அதே சுற்றில்தான். காற்று கேட்கும் வலுவும் எஞ்சின் தரும் உச்ச வலுவும் ஒரே இடத்தில் சந்திக்கும்படி கியரைத் தேர்ந்திருக்கிறார்கள். இப்போது ஐந்தாவது கியரைப் போட்டால் அதே 73 மைலில் சுற்று 4000க்குக் கீழே இறங்கும். அங்கே எஞ்சினிடம் 37 இல்லை, காற்று மட்டும் தன் பங்கைக் குறைக்காது. கார் 73ஐக்கூடப் பிடிக்காது.

803இன் கதை வேறு. அதன் டிபரன்சல் ஏறக்குறைய 5.3, ஆயிரம் சுற்றுக்கு 13 மைல்தான். காற்றைப் பார்த்தால் அந்த 30 குதிரைவலு காரை 67, 68 மைல் வரை தள்ளியிருக்கும். 62இலேயே சுற்று 4700ஐத் தொட்டுவிடுவதால் கியர் முந்திக்கொண்டு நிறுத்திவிடுகிறது. சிறிய எஞ்சின், நாலு பேர், ஒரு மேடு என்றால் அந்தக் கியர் தேவைதான். 1098இல் மறுபக்கம் நடந்தது. விகிதம் 4.22, உச்ச வலு 5100 சுற்றில். கணக்குப்படி 84 மைல் வரவேண்டும், வருவதோ 78. அங்கே மறிப்பது காற்று.

பிரித்தானியாவில் ஃபோர்ட் ஐந்து கியர் பொக்ஸை மைனருக்குப் பூட்டும் பழக்கம் உண்டு. அவர்களும் 50, 55 மைலில் சத்தமில்லாமல் போகலாம் என்பதற்காகத்தான் பூட்டுகிறார்கள். காதுக்கு நல்லது, பெற்றோலுக்கும் நல்லது.

அதே எஞ்சினைப் போட்ட ஒஸ்ரின்-ஹீலி ஸ்பிரைட் 80ஐத் தாண்டுதாமே, அது எப்பிடி?

1958இல் வந்த ஸ்பிரைட்டில் இருந்தது இதே 948 எஞ்சின்தான். காபரேற்றர் இரண்டு, குதிரைவலு 43. ஆறு குதிரைவலு கூடினதுக்கு இவ்வளவு வேகம் கிடைக்காது. ஸ்பிரைட் இரண்டு பேர் படுத்தமாதிரி இருக்கும் கார், உயரம் மைனரின் தோளுக்குத்தான் வரும். காற்றில் குத்தும் முகம் சின்னது. அந்தச் சின்ன முகத்தை நம்பித்தான் அதற்கு 4.22 டிபரன்சல் கொடுத்தார்கள்.

இசிகோனிஸ் 1959இல் செய்த மினியும் இதற்குச் சாட்சி. 848 சீ.சீ., 34 குதிரைவலு. மைனரைவிட எஞ்சின் சிறிது, வேகம் அதே 72 மைல்.

சரி, நாங்களும் ரெண்டு காபரேற்றர் போட்டா?

37ஐ 43 ஆக்கினால் 73 மைல் எத்தனையாகும்? எட்டு மடங்கு என்று மேலே சொன்ன கணக்கைத் திருப்பிப் போட்டால் 76 அல்லது 77. மூன்று நான்கு மைலுக்காக மனிஃபோல்ட், லிங்கேஜ், இரண்டையும் ஒரே சுருதியில் வைக்கும் தலையிடி எல்லாவற்றையும் வாங்குகிறீர்கள். மேடு ஏறும்போது வித்தியாசம் தெரியும், அதை மறுக்கவில்லை.

அதற்கு மேலே போக எஞ்சினே விடாது. சிலிண்டர் ஹெட்டைக் கழற்றிப் பக்கவாட்டில் பாருங்கள். நாலு சிலிண்டருக்கு உள்ளே இழுக்கும் வழி இரண்டுதான், ஒன்றும் இரண்டும் ஒரு வழி, மூன்றும் நாலும் ஒரு வழி. புகை போக மூன்று வழி, நடுவில் இருப்பதில் இரண்டு சிலிண்டர் பங்குக்கு. ஒரே மூக்கால் இரண்டு பேர் மூச்சு விடுவதுபோல. சுற்றுக் கூடக்கூட சிலிண்டர் அரைவயிறாகத்தான் நிரம்பும். அதோடு பிஸ்ரன் ஓடும் தூரம் நீளம், 76.2 மில்லிமீற்றர். 4800 சுற்றில் பிஸ்ரன் செக்கனுக்குச் சராசரி 12 மீற்றர் வேகத்தில் மேலும் கீழும் அடிக்கிறது. பிஸ்ரன்கள் சுற்றும் கிராங் தண்டைத் தாங்கும் பெரிய பெயாரிங் மூன்றே மூன்று. 6000 சுற்றுக்குத் துரத்தினால் வால்வ் ஸ்பிரிங் முதலில் கைவிடும், பிறகு கிராங்.

அந்தக் காலத்துக்காரர் ஏன் சிலிண்டரை ஒல்லியா நீளமா செய்தவை? அகலமா செய்திருந்தா வேகமா சுத்தும்தானே?

வரிக்காக. பிரித்தானியாவில் வாகன வரியை எஞ்சினின் உண்மையான வலுவை வைத்துப் போடவில்லை. சிலிண்டரின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து, வர்க்கித்து, சிலிண்டர் எண்ணிக்கையால் பெருக்கி, இரண்டரையால் வகுத்து வருவதை குதிரைவலு என்று வைத்துக்கொண்டார்கள். இந்தச் சூத்திரத்தில் பிஸ்ரன் எவ்வளவு தூரம் ஓடுகிறது என்பதே இல்லை. ஆகவே விட்டத்தைக் குறைத்து நீளத்தைக் கூட்டினால் வரி குறையும், கொள்ளளவு கிடைக்கும். 1922இல் வந்த ஒஸ்ரின் செவனுக்கு முதலில் 54 மில்லிமீற்றர் விட்டம், 76 மில்லிமீற்றர் நீளம். அந்த 'செவன்' வரிக் குதிரைகளின் கணக்குத்தான். 1948இல் முதல் வந்த மைனருக்குப் போட்ட 918 சீ.சீ. எஞ்சின், போருக்கு முந்திய மொறிஸ் எய்ட்டிலிருந்து எடுத்தது: 57க்கு 90.

1940களின் கடைசியில் வரிமுறை மாறியது. எஞ்சின் செய்யும் இயந்திரங்களும் பழக்கமும் அவ்வளவு சீக்கிரம் மாறவில்லை. இசிகோனிஸ் மைனருக்குத் தட்டையாகப் படுத்த நாலு சிலிண்டர் எஞ்சின் ஒன்றைத்தான் முதலில் நினைத்திருந்தார். அது கைகூடவில்லை. பொனட்டுக்குள் எஞ்சினுக்கு இரண்டு பக்கமும் ஒரு ஆள் இறங்கி நிற்கலாம் போல இடம் கிடப்பது அதனால்தான். ஸ்பானர் பிடிக்கிற எங்களுக்கு அதிர்ஷ்டம்.

இயக்கக் காலத்தில மண்ணெண்ணெயில ஓடின மைனர் ஏன் இழுக்கேல்லை? பெற்றோல் எஞ்சின் அதில ஓடினதே பெரிய விசயம் இல்லையா?

பெரிய விசயம்தான். 1990களில் பொருளாதாரத் தடை. பெற்றோல் போத்தல் கணக்கில் விற்றது, மண்ணெண்ணெய் எப்படியோ கிடைத்தது. காபரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோலை விட்டு ஸ்ரார்ட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். ஒழுங்கையில் மைனர் ஒன்று திரும்பினால் வெள்ளைப் புகையும் அந்த மணமும் முதலில் வரும், கார் பிறகு வரும். கண் எரியும். இன்றைக்கும் குப்பி விளக்கு மணத்தோடு எனக்கு அந்தக் கார்களின் ஞாபகமும் சேர்ந்தே வரும்.

புதிய கார்கள் ஓடாமல் பழைய ஒஸ்ரினும் மொறிஸும் ஓடியதற்குக் காரணம் குறைந்த கொம்பிரஷன். 803 எஞ்சினுக்கு 7.2க்கு ஒன்று. மண்ணெண்ணெயின் ஒக்ரேன் எண், அதாவது அழுத்தத்தில் தானாக வெடிக்காமல் தாக்குப்பிடிக்கும் அளவு, மிகக் குறைவு. அழுத்தினால் பிளக் பொறி தட்டும் முன்பே தானாக வெடிக்கும், எஞ்சின் டொக் டொக் என்று தட்டும். கொம்பிரஷன் குறைந்த எஞ்சின், அதுவும் காலை மெதுவாக வைத்தால், அதைச் சமாளிக்கும். காலை முழுதாக மிதித்தால் தட்டும், தட்டாமல் இருக்க ரைமிங்கை, அதாவது பிளக் பொறி தட்டும் நேரத்தை, பின்னுக்குத் தள்ளினால் வலு போகும். எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரால் வழிந்து ஒயிலோடு கலக்கும். டிப்ஸ்ரிக்கை இழுத்துப் பார்த்தால் ஒயில் மட்டம் ஏறியிருக்கும்! ஒயில் கூடியது என்று சந்தோசப்பட்டவர்களின் பெயாரிங்தான் முதலில் போனது. அந்த நாளில் ஒருவரும் வேகத்தைப் பற்றிக் கேட்கவில்லை. பருத்தித்துறையிலிருந்து பெரியாஸ்பத்திரிக்கு வந்து சேருமா என்பதுதான் கேள்வி.

ஜப்பான் எஞ்சின் போட்டு 100 மைல் ஓடுறாங்களாம். நீங்கள் ஏன் போடேல்லை?

போடலாம். 80, 90 குதிரைவலு எஞ்சின் மைனரின் பொனட்டுக்குள் தாராளமாய் இறங்கும், இடம் இருக்கிற காரணம் மேலே சொன்னேன். ஆனால் 948இன் முன் பிறேக் ஏழு அங்குல டிரம். 1098 வந்தபோது கொம்பனியே முன்னுக்கு எட்டு அங்குலம் போட்டுக் கொடுத்தது, வெறும் 11 குதிரைவலு கூடினதுக்கே. 50 மைலில் ஓடும் காரை நிறுத்துவதைவிட 100 மைலில் ஓடுவதை நிறுத்த நான்கு மடங்கு சக்தி சூடாக மாறவேண்டும். டிரம் சூடானால் விரிந்து லைனரைவிட்டு விலகும், மிதி பலகை வரை போகும். உங்கள் மைனரில் பிறேக் மாஸ்டர் சிலிண்டர் எங்கே இருக்கிறது தெரியுமா? ஓட்டுபவரின் காலுக்குக் கீழே, சட்டத்துக்குள். கம்பளத்தைத் தூக்கி, மூடியைக் கழற்றித்தான் பிறேக் ஒயில் பார்க்கவேண்டும். அதனாலேயே பலர் பார்ப்பதில்லை.

இரண்டாவது, முன்சில்லு. சில்லு இடம் வலம் திரும்பும் அச்சான கிங்பின்னின் கீழ் மூட்டு ஒரு மரையில்தான் திரும்புகிறது. கிறீஸ் போகாவிட்டால் மரை தேய்ந்து ஒருநாள் கழன்றுவிடும், சில்லு மடிந்துவிடும். எனக்கு நடந்தது. படலையால் பின்னுக்கு எடுத்து ஸ்ரியறிங்கை முழுதாக ஒடித்தபோது 'டக்' என்றது, இடது மூலை தரையில் படுத்தது. பக்கத்து வீட்டு அன்ரி ஓடிவந்து "தம்பி, பஞ்சரோ?" என்றா. பிழை முழுக்க என்னுடையது, அந்த நிப்பிளுக்கு ஒரு வருடமாய் கிறீஸ் அடிக்கவில்லை. மூன்று மைல் வேகத்தில் நடந்ததால் இதை எழுதுகிறேன்.

என்ர ஸ்பீடோமீற்றர் 80 காட்டினது. பொய்யோ?

பெரும்பாலும் பொய். இந்த மீற்றர்கள் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும். எஞ்சினோ டிபரன்சலோ மாறியிருந்தால் மீற்றருக்கு அது தெரியாது. அது கியர்பொக்ஸின் பின்பக்கம் சுற்றுவதை எண்ணி, பழைய டிபரன்சலே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு முள்ளைத் தூக்கும். ரயர் அளவு மாறினாலும் அப்படியே. கைத்தொலைபேசியில் ஜீ.பி.எஸ். வேகம் பாருங்கள். ஏ9 கண்டி வீதியில் ஊர்மனைக்கு வெளியே காருக்குச் சட்டம் 70 கிலோமீற்றர், அதாவது 43 மைல் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மேலே கரியர் பூட்டினா, கண்ணாடி இறக்கி விட்டா வேகம் குறையுமோ?

இரண்டும் குறைக்கும், கரியர் கூடுதலாக. சாமான் ஏற்றிய கரியர் என்றால் கூரைக்கு மேலே இன்னொரு முகம் வைத்தமாதிரி. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வைகாசி வெயிலில் மைனர் ஓட்டுபவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

நுவரெலியா ஏத்தத்தில 30 மைல்கூட வருகுதில்லை. அங்க காத்துக் குறைவுதானே, தடையும் குறையவேணுமே?

நல்ல கேள்வி. 1868 மீற்றர் உயரத்தில் காற்று ஐதுதான், தடையும் குறையும். ஆனால் எஞ்சின் மூச்சு விடுவதும் அதே காற்றைத்தான். நூறு மீற்றருக்கு ஏறக்குறைய ஒரு வீத வலு போகும் என்று வையுங்கள், 37இல் ஆறேழு போய்விட்டது. ஏற்றத்தில் வில்லன் பாரம். ஆட்களோடு 1000 கிலோ இருக்கும் காரை நூறுக்கு எட்டு ஏறும் தெருவில் மணிக்கு 50 கிலோமீற்றரில் தூக்க அதற்கு மட்டும் 15 குதிரைவலு வேண்டும். இறக்கத்தில் வேகம் எடுக்கலாமே என்று கேட்காதீர்கள், பிறேக்கைப் பற்றிச் சொன்னதை இன்னொருமுறை வாசியுங்கள்.

ஆனையிறவுப் பாலத்தால போகேக்க நாலாவதைவிட மூண்டாவது கியரில கூட வேகம் போகுது. இது நடக்குமோ, எனக்குப் பைத்தியமோ?

நடக்கும். கேட்டவர் தன் 948 மைனருக்கு ஸ்பிரைட், மிட்ஜெட் வகைக் காரின் 3.9 டிபரன்சலைப் பூட்டியவர். ஆயிரம் சுற்றுக்கு இப்போது 17, 18 மைல். ஆனையிறவில் இரண்டு பக்கமும் வெறும் நீர், மறைக்க ஒரு பனைகூட இல்லை. சோளகம் என்ற தென்மேற்குக் காற்று 25 மைல் வேகத்தில் எதிர்த்து வந்தால், கார் 50இல் போனாலும் முகத்தில் அடிப்பது 75 மைல் காற்று. நாலாவதில் அவருடைய எஞ்சின் 2900 சுற்றுத்தான் சுற்றும், அங்கே தரக்கூடியது 26 குதிரைவலு அளவு, போதாது. கார் மெல்ல மெல்ல விழும், 48, 46. மூன்றாவதில் போட்டால் சுற்று 4000ஐத் தாண்டும், 33, 34 குதிரைவலு வரும், கார் 50ஐப் பிடித்துக்கொள்ளும். எஞ்சின் கத்தும், அவ்வளவுதான்.

பழைய 4.55 இருந்திருந்தால் நாலாவதிலேயே சமாளித்திருக்கும். அதை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். கோழிக்கூட்டுக் கதவுக்கு முட்டுக் கொடுத்திருக்கிறாராம். கழுவி, ஒயில் பூசி, சாக்கில் சுற்றி வையுங்கள் என்றேன்.